மூன்றாவது மீன்

அன்றும் சர்க்கரை டப்பா இடம் மாறியிருந்தது.

நேற்று அடுப்புக்கு இடப்பக்கம் இருந்தது, இன்று சன்னல் மேடையில். மூடியின்மேல் நான்கு விரல் பதிந்த வெள்ளைத் தடம். சுகிர்தா அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சர்க்கரை அல்ல, உப்புக் கரித்தது.

இதோடு ஆறாவது நாள்.

காலை ஐந்தரை மணி ஜெபத்துக்குப் போகும்போது அவளே வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருந்தாள். கணவன் தாவீதுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலையில் இரவு ஷிப்ட். வீட்டில் இருந்தது அவன் மகள் ஷைனி ஒருத்திதான். அவளோ தலையோடு கால் போர்வை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்துக்கு வந்தாள். கண்ணாடித் தொட்டியில் நீல விளக்கு எரிந்தது. இடது மூலையில் குகைபோல் அடுக்கியிருந்த கற்கள், இப்போது கலைந்து வலது பக்கம் கிடந்தன. பெரிய கோமாளி மீன் பழைய மூலைக்குப் போவதும், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்புவதுமாக இருந்தது.

அந்தக் கடல்மீன் தொட்டி, தாவீதின் முதல் மனைவி விக்டோரியா வைத்தது. அவள் இறந்து மூன்று வருடம். அதே மாதம் ஜோடி மீன்களில் ஒன்றும் செத்தது. மிச்சமிருந்தது பெட்டை. அதற்குத் துணையாகத் தாவீது கொளத்தூரிலிருந்து வாங்கிவந்த இரண்டு மீன்களையும், விட்ட அன்றே அது கொத்திக் கொன்றுவிட்டது. மூன்றாவதை அவன் உடனே விடவில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, அதே தண்ணீரில் தொங்கவிட்டிருந்தான். முகம் பழகட்டுமாம். ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுவதாகச் சொன்னான்.

பெட்டை அந்தப் பெட்டியை முட்டும் சத்தம், டொக், டொக்கென்று சமையலறை வரை கேட்கும். சுகிர்தாவுக்கு அது தன்னை முட்டுவதுபோலவே இருந்தது. கல்யாணமாகி நாற்பது நாள். ஷைனி அவளை இன்னும் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

பக்கத்து வீட்டுச் செண்பகம், விக்டோரியாவின் கடைசி நாட்களை ஒருநாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் சொன்னாள். ஒன்றில், ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது விக்டோரியா சமையலறை டப்பாக்களை வரிசையாகத் தடவிப் பார்த்தாள். மற்றதில், படுக்கையில் கிடந்தபடியே ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறதென்று விசாரித்தாள். இரண்டிலும் மாறாதது முடிவு ஒன்றுதான்.

"அவ டப்பாவ அடுத்தவ தொட்டா அவளுக்கு ஆவாதும்மா. போயும் எடத்த வுடல, பாரு."

தாவீதிடம் சொன்னபோது, அவன் பூட்ஸைக் கழற்றியபடியே சிரித்தான். "மோட்டாரு தண்ணி அடிக்கிற வேகத்துல கல்லு சரிஞ்சிருக்கும். டப்பாவ நீயே மாத்தி வெச்சிட்டு மறந்திருப்ப. தூக்கம் வர்ற நேரத்துல பேஜாரு பண்ணாத."

சனிக்கிழமை சுகிர்தா தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்றாவது மீனும் செத்தால், திருவாலங்காட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிடுவது. துணிப்பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள்.

ஞாயிறு காலை ஜெபத்துக்குப் புறப்பட்டவள், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். தூங்குகிற பெண்ணை எழுப்ப வேண்டாமென்று பூட்டை ஓசைப்படாமல் திறந்தாள்.

உள்ளே கல்லோடு கல் உரசும் சத்தம்.

நீல வெளிச்சத்தில் ஒரு பெண் தொட்டியின்மேல் குனிந்திருந்தாள். ஒரு கை முழங்கை வரை தண்ணீருக்குள். தோளில், சுவரில் மாட்டிய படத்தில் விக்டோரியா போர்த்தியிருக்கும் அதே பச்சைச் சால்வை.

அந்த முகம் மெல்லத் திரும்பியது.

ஷைனி.

பயம் விலகிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "இத்தினி நாளும் நீதானா? நான் போவணும்னா வாயத் தொறந்து சொல்லிருக்கலாமே. செத்தவங்கள ஏன் நடமாட வுட்ட?"

ஷைனி ஈரக் கையாலேயே பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

சுகிர்தா தடுக்கக் கை நீட்டுவதற்குள் சின்ன மீன் வெளியே வந்தது. பெட்டை பாய்ந்தது. சுகிர்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எந்தச் சத்தமும் இல்லை.

திறந்து பார்த்தபோது, சின்னது உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பெட்டை அதை ஒருமுறை சுற்றி வந்தது. தன் பழைய மூலைக்குப் போனது, குகை இல்லை. திரும்பி வந்தது. காப்பதற்கு எது தன் இடமென்று தெரியாமல் நின்றது. கடைசியில் இரண்டும், இரண்டுக்குமே பழக்கமில்லாத ஒரு பொந்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன.

"புது மீனு வுட்றதுக்கு முன்னாடி அம்மா கல்லெல்லாம் கலைச்சி வெக்கும்," என்றாள் ஷைனி. "அப்பாவுக்கு அது தெரியாது. அதான் ரெண்டு செத்துச்சி. எடம் மாறிட்டா, பழசுக்கு இது என்னுதுன்னு தோணாதாம். ரெண்டுக்குமே புது ஊடு ஆயிடுமாம்."

"மீனுக்குக் கல்ல மாத்தின, சரி. சர்க்கர டப்பா இன்னா பண்ணுச்சி?"

ஷைனி பச்சைச் சால்வையைக் கழற்றி, மெதுவாக நான்காக மடித்தாள். தலை நிமிரவில்லை.

"எல்லாம் அம்மா வெச்ச எடத்துலயே இருந்துச்சி. நீங்க ஒவ்வொண்ணா தொடும்போது, அப்டியே உங்களக் கடிச்சிடலாமான்னு வந்துச்சி எனக்கு. இந்த ஊட்ல பழைய மீனு நாந்தானே, சித்தி."