இடக்கோடியில் ஒரு குழி

“விழுந்த வண்டி இல்லைங்க. வேணும்னா ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்.”

“கீறல் வெளியதான் இருக்கணும்னு சட்டமா?” என்றாள் அக்கா.

அவள் மெக்கானிக். நான் வண்டி வாங்க வந்த தம்பி.

இதற்கு முந்தைய வண்டியை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அதன் நீல நிறம் பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். மூன்றாம் வாரம் ஒரு வளைவில் நான் ஒரு பக்கம் திரும்ப, முன்சக்கரம் அதன் போக்கில் போயிற்று. தேய்ந்த பேரிங் என்று அக்கா பிறகு சொன்னாள். என் மணிக்கட்டுக்குள் இப்போது ஒரு கம்பி இருக்கிறது.

திங்கட்கிழமை கூரியர் வேலையில் சேர வேண்டும். இன்னொரு முறை விழுந்தால் கை மிஞ்சாது.

விற்பவருக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், ஒரு ஜன்னலுக்குக் கீழே வண்டி நின்றது. ஹேண்டில் இடப்பக்கம் முழுக்கத் திரும்பியிருந்தது.

“யாரோட வண்டி?”

“என் தம்பியோடது.”

“அவரைக் கூப்பிடுங்க. ஓட்டினவர் வாயால கேட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

“இப்ப முடியாதுங்க.” அவர் ஜன்னலைப் பார்த்தார். “கொஞ்சம் மெதுவாப் பேசலாமா?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மீட்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். டயரின் ஓரங்களில் புது ரப்பரின் மெல்லிய முடிகள்கூட உதிரவில்லை. ஆனால் சைலன்சரின் கழுத்து தீய்ந்து பழுப்பேறியிருந்தது. ஸ்டார்ட்டர் பட்டனில் இருந்த குறி முழுக்க அழிந்துபோயிருந்தது.

“ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல பட்டன் இப்படி வழுக்கையாகுமா?” அக்கா என் காதில் சொன்னாள். “மீட்டரைத் திருப்பிட்டு டயரை மாத்தியிருக்கான். நீ வாயை மூடிட்டு நில்லு. அழகா இருக்கு, அது இதுன்னு உளறினே, திங்கக்கிழமை நடந்துதான் போவே.”

உண்மையில் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

அவள் எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினாள். இரு கைகளாலும் பிடித்து ஆட்டினாள். ஆட்டம் இல்லை. பின்சக்கரத்திலும் இல்லை. பேரிங்குகள் நேற்று போட்டவை போல இருந்தன. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஹேண்டிலை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, வலக்கோடியிலிருந்து மெல்ல மெல்லத் திருப்பினாள். நடுவில் வெண்ணெய். இடக்கோடியில், ‘டக்’.

திரும்பவும் செய்தாள். திரும்பவும் ‘டக்’.

“நீ பண்ணிப் பாரு.”

நான் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். பல் விழுந்த இடத்தில் நாக்கு தானாகப் போய் உட்காருமே, அப்படி ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தது.

“எந்த வண்டிலயும் நேராப் போற இடத்துலதான்டா குழி விழும். எதுலயாவது முட்டியிருந்தாலும் அங்கதான்.” அக்காவின் நெற்றி சுருங்கியது. “இதுல கோடியில விழுந்திருக்கு. ஹேண்டில் இப்படித் திரும்பியே இருந்து, எஞ்சின் மட்டும் ஓடியிருக்கு. அந்த அதிர்வுல ஹேண்டில் கழுத்துக்குள்ள இருக்கிற குண்டுங்க ஒரே இடத்துல குத்திக் குத்தி…”

அவள் நிறுத்திவிட்டு எழுந்தாள். அந்த மனிதரிடம் பேசும்போது குரல் தானாகவே தணிந்திருந்தது.

“மீட்டர் சரிதான். இந்த வண்டி எங்கயும் போகல. ஆனா தினமும் ஸ்டார்ட் ஆயிருக்கு. எதுக்குங்க?”

ஜன்னலுக்குள் யாரோ இருமினார்கள்.

அவர் எங்களைக் கேட் வரை கூட்டிக்கொண்டு போனார்.

“சாயங்காலம் ஆறேகாலுக்கு,” என்றார். “தம்பி வேலை விட்டு வர நேரம். நான்தான் ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு தடவ முறுக்கிட்டு ஆஃப் பண்ணுவேன். அவன் தவறி நாலு வருஷம் ஆச்சு.”

அக்கா அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா படுத்த படுக்கை. அவங்களுக்குத் தெரியாது. அவனுக்கு ஏதோ கோவம், உயிரோட இருக்கறப்பவே அவங்ககூட பேச மாட்டான். நேரா மாடிக்குப் போயிடுவான். வண்டிச் சத்தம் கேட்டா, புள்ள வந்துட்டான்னு இவங்க சாப்பிடுவாங்க. ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் பேச்சு.”

“அப்புறம் ஏன் விக்கிறீங்க?” என்றேன்.

“அம்மாதான் சொன்னாங்க. எனக்காக அவன் இங்கயே கிடக்க வேணாம், வெளியூர்ல நல்ல வேலையாப் பாத்து அனுப்பிடுன்னு. தினமும் அதே பேச்சு. நாளைக்குக் கிளம்பறான்னு சொல்லிட்டேன்.”

அக்கா கையிலிருந்த கிரீஸைக் கைக்குட்டையில் துடைத்தாள். “ஹேண்டில் கழுத்துல அந்தக் குண்டுங்க இருக்கிற கோன் செட் மட்டும் மாத்தினா போதும். வண்டி சுத்தம்,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“காலைல ஒன்பது மணிக்கு வந்து எடுத்துக்குங்க தம்பி. அவனுக்கும் உங்க வயசுதான். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஜன்னல்கிட்ட ஒரு நிமிஷம் நின்னு, ‘போயிட்டு வரேம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீங்களா?”