வாரிசுகள் உட்பட

காளியாத்தாள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

அந்தம்மா வாங்கவில்லை. கை நிறைய மிளகாய் இருந்தது.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தொண்ணூறு நாளுக்குள் அவனுக்குத் தண்டனை கிடைக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று கோவையிலிருந்து வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

ஆனாலும் அந்தக் கல்லை நேராகப் பார்க்காமல் ஒதுங்கித்தான் நின்றேன்.

இருபத்திரண்டு வருடமாக முதலீட்டு நிதியங்களுக்குப் பத்திரம் எழுதுகிற வக்கீல் நான். யாரும் படிக்காத பக்கங்களை எழுதுவதுதான் பிழைப்பு. வின்ஸ்டன் எழுதிய வாக்கியத்தில் எறும்புகூட நுழைய ஓட்டை இருக்காது என்பார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்.

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகள் வாங்கப் போவதாகச் சொல்லி கௌதமன் ஒரு நிதியம் தொடங்கினார். பைபாஸ் சாலைக்குப் போன நிலத்தின் பணத்தை, காளியாத்தாள் அப்படியே அதில் கொண்டுவந்து போட்டார். தோப்புகளை நேரில் பார்த்துச் சரிபார்த்தேன் என்று சான்று கொடுத்தவன் நான். பாதி இடங்களுக்கு நான் போகவே இல்லை. போயிருந்தால் அங்கே தோப்பே கிடையாது என்று தெரிந்திருக்கும்.

இன்றோடு நிதியத்தின் காலம் முடிகிறது. முதலீட்டாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம். அதற்கு ஒரே ஒரு கையெழுத்து குறைகிறது. அது விழாவிட்டால் மும்பையிலிருந்து ஒழுங்குமுறை ஆணையம் கோப்புகளைக் கேட்கும். முதல் கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் என் சான்றுதான். கருப்புக் கோட்டு பறிபோகும். ஜெயிலும் உண்டு.

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மகள் லின்சி. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

"ஏனுங்க வக்கீலய்யா, இத முடிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடறனுங்க, போட்டாத்தான் பணம் திரும்பி வருமுன்னீங்களே. ஆரு பேரச் சொல்லி அரைக்கறதுன்னுதான் தெரியலீங்க. கௌதமனக் கேட்டா மேனேஜருங்கறாரு, மேனேஜரக் கேட்டா ஆடிட்டருங்கறாரு. தப்பான பேரச் சொல்லிப்போட்டா சொன்னவிங்களுக்கே திரும்பீருமுங்க. நீங்க படிச்சவிங்க, ஒரு பேரு சொல்லுங்க."

கௌதமன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்தக் கல்லுக்குப் பாதி உண்மை போதுமா என்று நினைத்ததுமே அந்தப் பேரை விழுங்கிக்கொண்டேன். என் பேரைச் சொல்லும் தைரியம் எனக்கு ஏது?

அந்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் தொழில் கைகொடுத்தது. பேரே எதற்கு? பேர் தெரியாத இடத்தில் வக்கீல்கள் எப்படி எழுதுவோமோ அப்படிச் சொல்லிவிட்டால் போயிற்று.

"நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்கம்மா. 'இதற்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ, தெரிந்தோ தெரியாமலோ காரணமானவர் எவராயினும், அவரும் அவருடைய வாரிசுகளும்.'"

கடைசி வார்த்தை தானாக வந்து விழுந்தது. எந்தப் பத்திரத்திலும் அதைச் சேர்க்காமல் நான் விட்டதில்லை.

அந்தம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே அரைத்தார். நெடி ஏறி எனக்குத் தும்மல் வந்தது. பாதியில் கையை நிறுத்தினார்.

"வாரிசுன்னா அதுல ஆரெல்லாமுங்க வருவாங்க?"

சட்டத்தில் சந்தேகம் கேட்டால் விளக்காமல் இருக்க என்னால் முடியாது. மகன், மகள், பேரன், பேத்தி என்று விரல் விட்டு எண்ணினேன். இன்னும் பிறக்காமல் வயிற்றில் இருக்கும் குழந்தையையும் சட்டம் வாரிசாகத்தான் பார்க்கும் என்றேன். சொல்லும்போது என் கண்ணெல்லாம் அந்தக் காகிதத்தின் மேல்தான்.

"பச்சப்புள்ளைக என்னங்க பண்ணுச்சு" என்று முகம் வாடினார். ஆனாலும் படித்தவன் சொன்னதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. ஒரு சொல் விடாமல் முழுவதையும் சொல்லி, சிவந்த விழுதை அள்ளிக் கல்லில் அழுத்திப் பூசினார்.

பிறகு கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெருக்கல் குறியின் மேலேயே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

தப்பித்தேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது.

கார் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் கைபேசி மறுபடி அதிர்ந்தது. திரையில் லின்சியின் பேர்.

அப்படியே நின்றுவிட்டேன். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை மனதுக்குள் முதலிலிருந்து படித்தேன். திரும்பவும் படித்தேன். எறும்பு நுழைகிற அளவுக்காவது எங்காவது ஓர் ஓட்டை இருக்காதா என்று தேடினேன்.

இல்லை.

வந்த வழியே ஓடினேன். காளியாத்தாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடலாமா என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"பூசிப்போட்டா அவ்வளவுதானுங்க" என்றார்.

கைபேசி நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

லின்சிக்கு இது ஏழாம் மாதம்.