ஒரே குடும்பப் பெயர்

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். அப்போ ஒரே ரத்தம், அண்ணன் தங்கச்சி முறை. கல்யாணம் எப்படிம்மா நடக்கும்?" அப்பா கறாராகக் கேட்டார். மகள் விசும்பினாள்.

அவள் அழைத்து வந்திருந்த காதலன், "ரத்த சம்பந்தம் சத்தியமா இல்ல சார்" என்றான்.

"எப்படித் தம்பி இல்லாமப் போகும்? இந்தப் பெயர் எங்க கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு மட்டும்தான் உண்டு!" சுவரில் முறுக்கு மீசையோடு தொங்கியவரை அப்பா பெருமையாகக் கைநீட்டிக் காட்டினார்.

"எங்க கொள்ளுத்தாத்தாவும் அதே வீட்லதான் சார் வளர்ந்தார்."

"அப்படி வா வழிக்கு! இவருக்கு அவர் என்ன உறவு?"

"உறவு இல்ல சார். இவர் அவரைச் சந்தையில விலைக்கு வாங்கினார். அடிமைக்கு எஜமான் பெயரைத்தான் வைப்பாங்களாம்."

விசும்பல் சட்டென்று நின்றது. அப்பா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"இப்பவாவது சம்மதமா, மாமா?"