அணையாத பச்சை விளக்கு

தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்தால் பச்சை விளக்கு சிவப்பாகும். ஜப்பானின் அந்தக் கார் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசை முழுவதும் நின்றுவிடும். ஒப்பந்தத் தொழிலாளி ஷிகெனோவின் கை கயிற்றுக்குப் போனது. காலையிலிருந்தே அவனுக்கு ஜுரம்.

"இழுக்காதடா, வேலை போயிடும்," என்றார் பக்கத்து ஆள் குவாபரா.

"கை ஓட மாட்டேங்குதுண்ணே."

"வீட்ல கைக்குழந்தைய நெனச்சுப் பாரு. உன்னுதையும் நானே பாத்துக்கறேன்."

அவனுடைய போல்ட்டுகளையும் அவரே முடுக்கினார். விரல்கள் வீங்கின. ஆனால் சங்கு ஊதும்வரை விளக்கு பச்சையாகவே எரிந்தது.

விளக்கை மட்டுமே பார்க்கும் மேற்பார்வையாளர் வந்து, இருவருக்கும் குனிந்து வணங்கினார்.

"ஒரு தடவைகூட நிக்கல. ரொம்ப நன்றி."

குவாபரா பெருமூச்சு விட்டார்.

"ஒரு தடவைகூட நிக்கலன்னா, இங்க தேவைக்கு மேல ஒரு ஆள் இருக்குன்னு அர்த்தம்," என்றார் மேற்பார்வையாளர். "ஷிகெனோ சான், நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்."