அலமாரிக்குக் காவல்

ஆஸ்பத்திரி முதலாளி சுந்தர்சிங் காலை ஜெபம் முடித்ததும் செய்கிற முதல் வேலை, ஆபீஸ் அறையிலுள்ள இரும்பு அலமாரியின் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதுதான். அது அசையாமல் நின்றால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

அலமாரிக்குள் பணமும் இல்லை, நகையும் இல்லை. கருங்கல் ஊரிலுள்ள அவருடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்சுகள் அத்தனை பேருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள். வேலையில் சேரும் அன்றே வாங்கிப் பூட்டிவிடுவார். பின்னே என்ன? ஒருத்திக்கு ஊசி போடக் கை படிந்துவிட்டால் போதும், மறு மாதமே மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிடுகிறாள். சர்டிபிகேட் இல்லாமல் எந்த நாட்டுக்காரன் உள்ளே விடுவான் என்பது அவர் கணக்கு.

போன வருஷம் எச்.ஆர். மேனேஜராகச் சேர்ந்த பிரிஜாவுக்கு இது பிடிக்கவில்லை.

"அத திருப்பிக் குடுத்திருவோம் சார். பிடிச்சு வைக்கது சட்டப்படி தப்பு. பிள்ளையளுக்கு இங்கயே இருக்கணும்னு தோணணும்."

"நீ என்ன சலுகை வேணும்னாலும் குடு மக்கா. அலமாரி மட்டும் அப்படியே இருக்கட்டும். இந்தா, இன்னொரு சாவி. புதுசா சேருதவளுவ சர்டிபிகேட்ட வாங்கி நீயே உள்ள வை."

பிரிஜாவும் வஞ்சனை இல்லாமல் சலுகை கொடுத்தாள். ஹாஸ்டலில் தினமும் மீன்கறி. கைக்குழந்தைக்காரிகளுக்குப் பகல் ஷிப்ட், குழந்தையைப் பார்க்க ஒரு ஆயா. நர்சுகளின் அப்பா அம்மாவுக்கு இலவச வைத்தியம். கிறிஸ்துமசுக்கு லீவு கொடுத்ததைக்கூட சுந்தர்சிங் பொறுத்துக்கொண்டார், ஓணத்துக்கும் கொடுத்தபோது அன்று முழுக்க முனகினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிறிஸ்துமசுக்குப் பிறகு ஒரு நர்சுகூட வேலையை விடவில்லை. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து ரகசியம் கேட்டார்கள். சுந்தர்சிங் அலமாரியைச் செல்லமாகத் தட்டிக் காட்டினார்.

"எல்லாம் இவனுக்க வேலையாக்கும்."

பக்கத்தில் நின்ற பிரிஜா புன்னகைத்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை காலை மருந்துக்கடை பெனின் வந்து குண்டைத் தூக்கிப் போட்டான்.

"சார், நம்ம ஐ.சி.யூ. ஷைஜா நேத்து மார்த்தாண்டத்துல கல்ஃப் ஏஜென்சி வாசல்ல நின்னா. எனக்க கண்ணால கண்டேன்."

சுந்தர்சிங் போய் அலமாரிக் கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். ஐ.சி.யூ.வே ஷைஜாவை நம்பித்தான் ஓடுகிறது. அவள் போனால் அவள் பின்னால் பாதி ஹாஸ்டல் போகும். நர்சு இல்லாத ஆஸ்பத்திரிக்கு எந்த நோயாளி வருவான்? கடன் வாங்கிக் கட்டிய கட்டடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

மத்தியானமே பிரிஜாவையும் ஷைஜாவையும் கூப்பிட்டு, சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார்.

"திங்கக்கெழம காலையில சர்டிபிகேட்ட எல்லாம் சரிபாத்து பேங்க் லாக்கருக்கு மாத்தப் போறேன், கேட்டியளா."

ஷைஜாவின் முகம் செத்துவிட்டது. பிரிஜாவின் முகமும்தான் வெளிறியது. பாவம், பிள்ளைகளுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கினால், கடைசிச் சேவல் விலைபோகிற வரைக்கும் சுந்தர்சிங் எழுந்திருக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். திருடுகிறவளுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்துப் பொறி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்கும்படி முதல் வரிசையில் உட்கார்ந்தார். மட்டி வாழைக்குலை ஏலத்துக்கு வந்தது. சம்பந்தி சத்தமாக விலையை ஏற்றினார். சுந்தர்சிங்குக்கு நாக்கு துடித்தது, கௌரவம் கொதித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவி, ஆஸ்பத்திரிக்கு வந்து, ஆபீசுக்கு எதிரே இருந்த ஸ்கேன் அறையில் விளக்குப் போடாமல் ஒளிந்துகொண்டார்.

நினைத்தது சரி. தோளில் பையோடு ஷைஜா வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போனாள். அலமாரிக் கதவு கிரீச்சிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க அவர் எழுந்திருப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே இன்னொரு நர்சு நந்தனா பையோடு உள்ளே போனாள்.

அப்புறம் ஹாஸ்டலே வந்தது. டியூட்டியில் இருந்தவர்கள் யூனிபாரத்தோடு, மற்றவர்கள் சர்ச்சுக்குக் கட்டிய புதுச் சேலையோடு, ஒவ்வொருத்தியாகப் பையோடு உள்ளே போய், பையோடு வெளியே வந்தார்கள். வாசலில் காவல் நின்றவள் பிரிஜா. கையில் அவர் கொடுத்த அதே சாவி.

பெற்ற மகளைப்போல் நம்பியவள். கடைசி நர்சும் போன பிறகுதான் அவரால் எழுந்து வெளியே வர முடிந்தது.

"ஏன் மக்கா எனக்கு இப்படிச் செய்த?"

பிரிஜா திடுக்கிட்டாள். அவளை விலக்கிவிட்டு உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஷைஜாவின் சர்டிபிகேட் இருந்தது. நந்தனாவுடையதும் இருந்தது. எல்லாவற்றையும் புரட்டினார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"அப்போ ஷைஜா மஸ்கட்டுக்குப் போவலியா?"

"ஏஜென்சில கூப்பிட்டுக் கேட்டாவ. வரல்லன்னு அன்னைக்கே சொல்லீட்டா சார்."

"பின்ன இவளுவ எல்லாம் வந்து என்னத்த எடுத்துட்டுப் போனாளுவ?"

பிரிஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுக்க வரல்ல சார். போன கிறிஸ்மசுக்கே எல்லாருக்கும் நான் சர்டிபிகேட்ட திருப்பிக் குடுத்துட்டேன். நாளைக்கு நீங்க தொறக்கும்போ உள்ள ஒண்ணும் இல்லன்னா எனக்க வேலை போயிருமேன்னு, இன்னைக்கு எல்லாரும் கொண்டுவந்து வச்சிட்டுப் போறாவ."