இருபதாவது தட்டு

செத்தவனுக்குப் பசிக்காது என்ற மாபெரும் உண்மையை உலகத்துக்கு முதலில் சொன்னவர், மணிலா ராணுவ முகாமின் சமையல்காரர் ஹோனராட்டோ. 1945 செப்டம்பரில், ஜப்பானியச் சிறையிலிருந்து விடுதலையான இருபது பேரை ஏற்றிவந்த ராணுவ விமானம் புயலில் தொலைந்தது. அவர் மகன் எலாடியோவும் அதில் இருந்தான். அடுக்களையில் அவருடன் வேலை செய்த பூரிசிமா, இறந்தவர்களுக்கென்று மதியம் இருபது தட்டுகளில் சோறும் பாகற்காயும் படைத்தாள்.

“வானத்துல இருக்கறவங்களுக்குத் தட்டை மேல வீசணும்க்கா. என் பையன் நாளைக்கே வந்துடுவான், அவனுக்குப் படைக்காதே.”

“வரட்டும் தம்பி. வந்தா சூடா போடுவோம்.”

சாயங்காலம் தட்டுகளைக் கழுவ எடுத்தார். பத்தொன்பது தட்டுகள், சிறையில் பட்டினி கிடந்தவர்கள் வழித்து நக்கியதுபோல் பருக்கையில்லாமல் இருந்தன. இருபதாவதில் பாகற்காய் மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. எலாடியோவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம்.

மறுநாள் மதியம் இருபது தட்டுகளையும் ஹோனராட்டோவே வைத்தார். ஒன்றில் மட்டும் பாகற்காய் போடவில்லை.