போலீஸ் காத்திருந்த பாலம்

"முதல்ல அந்த ரெக்கார்டரை அணை தம்பி."

அமெரிக்காவின் மிசிசிப்பியில் நடந்த கறுப்பர் உரிமைப் போராட்டத்தையே ஆயுள் முழுக்க ஆராய்ந்த பேராசிரியர் டில்மன் அணைத்தார். முன்னாள் போராளி வெர்னெல் சந்தேகம் தீராமல் சோளரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. உங்க கூட்டத்துல போலீஸுக்கு ஆள்காட்டி ஒருத்தர் இருந்திருக்கார்."

"யாரு?"

"காலமான உங்க வீட்டுக்காரர் ஹோசியா."

வெர்னெல் முகம் மாறவில்லை. "சும்மா சொல்றியா, ஆதாரம் இருக்கா?"

"இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் இடிக்குது. நீங்க மில் ரோட்டுல ஊர்வலம் போனப்போ, போலீஸ் நாய்களோட ஆத்துப் பாலத்துல காத்துக்கிட்டு இருந்துச்சு. அவர் ஏன் தப்பாச் சொன்னார்?"

"அவர் எங்க தப்பாச் சொன்னார்? சாப்பிடறப்போ நான் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னார்."

டில்மன் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அவன் ஆள்காட்டின்னு தெரிஞ்சதும் சர்ச் பொம்பளைங்க எல்லாரும் கூடிப் பேசினோம். யாராவது ஒருத்தி அவனைக் கட்டிக்கிட்டே ஆகணும்னு முடிவாச்சு. கல்யாணம் ஆகாதவ நான் ஒருத்திதான் இருந்தேன்."